உத்தனப்பள்ளி வேனில் பதினோரு பேர்

எங்கள் தொழிலில் கேள்வி கேட்கிறவருக்குத்தான் முதலில் வயிறு கலங்கும்; பதில் சொல்ல வேண்டியவர் நிதானமாகக் காபி குடித்துக்கொண்டிருப்பார். இதைப் படிக்கிற நீங்களும் என் ரகம்தான் என்று எடுத்துக்கொள்கிறேன். தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தால் முழுதாக அடித்து ஓயும்வரை அதையே பார்த்துக்கொண்டிருப்பவர், கேட் திறக்கும் சத்தம் கேட்டால் கரண்டியும் கையுமாக ஜன்னல் ஓரம் போய் நிற்பவர். நம்மைப் போன்றவர்களையும் இந்த உலகம் சில சமயம் புலனாய்வுச் செய்தியாளர் ஆக்கிவிடுகிறது. என்ன செய்ய?

என் பெயர் ஸ்டெல்லா. வீடு மத்திகிரியில். சென்னையிலிருந்து வரும் ஒரு வாரப் பத்திரிகைக்கு ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்துச் செய்தியாளர். பதினைந்து வருடமாக நான் எழுதியதெல்லாம் ஜூஜூவாடி எல்லையில் லாரி நெரிசல், ராயக்கோட்டை மண்டியில் தக்காளி விலை, சானமாவு காட்டிலிருந்து ரோட்டுக்கு இறங்கும் யானை. அப்படிப்பட்டவள் ஒரு பெரிய மனிதரின் அசிங்கத்தைக் கிளறப் போய்ப் பயந்து செத்த ஐந்து மாதத்தில் நடந்தவை இவை. என் உயிர் மேல் இருந்த பயம் கொஞ்சம்தான். என்னிடம் வாய் திறந்த பெண் யார் என்று அந்த ஆளுக்குத் தெரிந்துவிடக் கூடாது, அதுதான் சோறு இறங்க விடாத பயம்.

நான்கு வரிச் செய்தி

பேரண்டப்பள்ளிக்குப் பக்கத்தில் கம்பெனிக்கு ஆள் ஏற்றிப் போகும் வேன் ஒன்று பள்ளத்தில் சாய்ந்தது. யாருக்கும் பெரிய அடி இல்லை. நான்கு வரி எழுதி அனுப்பினேன். வேன் யாருடையது என்று மட்டும் எழுதவில்லை. அதை எழுதும் பழக்கம் எங்கள் ஊரில் யாருக்கும் கிடையாது. மூன்று கம்பெனிகளுக்குப் பெண் தொழிலாளிகளைச் சேர்த்துவிடுகிற லேபர் கான்ட்ராக்டர் அவர். அந்தப் பெண்கள் போகிற வேன் அவருடையது. தங்குகிற வீடு அவர் பிடித்துக் கொடுத்தது. பள்ளிக்கூட வேன்களும் பாதி அவருடையவை. கோயில் தேருக்கு வடம் வாங்கிக் கொடுப்பார், எங்கள் சர்ச் திருவிழாவுக்கு சீரியல் லைட் போட்டுக் கொடுப்பார். போஸ்டரிலும் பேச்சிலும் அவருக்குப் பெயர் ‘அண்ணன்’. சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும்.

செய்தி வந்த மறுவாரம் மதியம் ஒரு போன். மூன்றாவது முறை அடித்த பிறகுதான் எடுத்தேன். பின்னால் தட்டு கழுவுகிற சத்தம்; கம்பெனி கேன்டீனிலிருந்து யாருடைய போனையோ வாங்கிப் பேசுகிறாள் என்று தெரிந்தது. பெயர் சொல்லவில்லை. சிறு வயதுக் குரல். அவசரமாக ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: “அக்கா, வேன் கவுந்ததை எழுதுனது நீங்கதானே? வேன்ல போறவங்களுக்கு ஆவுறதையும் எழுதுவீங்களா?”

பாட்டுக்கு நடுவே பேட்டி

அவளுக்கு இங்கே மலர் என்று பெயர் வைத்துக்கொள்கிறேன். வயது இருபத்துச் சொச்சம். உத்தனப்பள்ளி தாண்டி ஒரு வீட்டில் பதினோரு பெண்களை அண்ணன் தங்க வைத்திருந்தார், அதில் ஒருத்தி. வேலை நாளில் வேனில் ஏறி, கம்பெனியில் இறங்கி, வேனில் ஏறி, வீட்டில் இறங்க வேண்டும். கடைக்குப் போவதென்றால்கூட வார்டன் அம்மா கூடவே வருவார். ஞாயிற்றுக்கிழமை காலையில் சர்ச்சுக்குப் போக மட்டும் தடையில்லை. சாமி கும்பிடுவதைத் தடுக்க மாட்டேன் என்று அண்ணன் மேடையில் பெருமையாகச் சொல்லியிருந்தார். பதினோரு பேரில் கிறிஸ்தவர்கள் மூன்றே பேர். ஆனால் வெளிக்காற்று வேண்டுமே என்று பதினோரு பேரும் வேனில் ஏறி எங்கள் சர்ச் பூசைக்கு வருவார்கள். வார்டன் அம்மா பார்ப்பவர்கள் பார்க்கட்டும் என்று முதல் பெஞ்சில் உட்காருவார். போனில் அவள் சொன்னபடி நானும் மலரும் கடைசி பெஞ்சில்.

பாட்டு நடக்கும்போது மட்டும் மலர் பேசுவாள். ஃபாதர் வாய் திறந்தால் நிறுத்திவிடுவாள். வருகைப் பாடலில் பாதி வாக்கியம் சொன்னால் மீதிக்குக் காணிக்கைப் பாடல்வரை நான் காத்திருக்க வேண்டும். நற்கருணை வாங்க வரிசை நீளுமே, அந்தப் பாட்டுதான் நீளம். முக்கியமானதையெல்லாம் அதற்கென்று அவள் சேர்த்து வைத்திருப்பாள். கம்பெனிக்கு லேட்டாக வந்தாலோ லீவு போட்டாலோ வருகைப் பதிவைச் சரிசெய்ய கம்பெனி ஷெட்டுக்குப் பின்னால் இருக்கும் கான்ட்ராக்ட் ஆபீசுக்குப் போக வேண்டும். பெண்கள் என்றால் அண்ணனே கூப்பிடுவார். ஒவ்வொருத்தியாக. கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள். ஒரு நாள் சானமாவில் யானைக் கூட்டம் ரோட்டை மறித்து நின்றதில் இவர்கள் வேன் இரண்டு மணி நேரம் லேட். அன்று அவளைக் கூப்பிட்டார். உள்ளே நடந்ததை அவள் சொன்னபோது எனக்கு எழுந்து ஓட வேண்டும்போல் இருந்தது. பாட்டு முடியட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். நான்கு ஞாயிறு இப்படிப் போனது. ஐந்தாவது ஞாயிறு பூசை முடிந்து படியிறங்கும்போது பாடகர் குழு நடத்தும் அந்தோணி சார் என்னை நிறுத்தினார். வார்டன் அம்மா இரண்டடி தள்ளி நின்றிருந்தார். அவர் காதிலும் நன்றாக விழும்படி சார் சொன்னார்: “ஏம்மா ஸ்டெல்லா, அஞ்சு வாரமா பார்க்கிறேன், பாட்டு வந்தா மட்டும் உனக்கு வாய் அசையவே மாட்டேங்குது, காதைத்தான் சாய்க்கிறே.”

சுவரில் மாட்டிய சட்டம்

வார்டன் அம்மா அதைக் காதில் வாங்கினாரா இல்லையா என்று தெரியாமல் நான் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நான்காம் நாள், மகளிர் தினத்துக்காக ‘தொழிற்சாலைகளில் பெண்கள் பாதுகாப்பு’ என்று கட்டுரை எழுதுவதாகப் பொய் சொல்லி, மலர் வேலை செய்யும் கம்பெனிக்கு உள்ளே போனேன். ஹெச்.ஆர். அதிகாரி சேலத்துக்காரர், ரொம்ப மரியாதையான மனிதர். பெண்கள் புகார் கொடுக்க உள்புகார்க் குழு எங்கே என்று கேட்டதும் எழுந்து போய் சுவரில் மாட்டிய பலகையைத் துடைத்தே காட்டினார். குழுவில் வெளியாள் ஒருவர் இருக்க வேண்டும் என்பது சட்டம். இருந்தார். சமூக சேவகி என்று போட்டிருந்தது. பெயரைப் படித்ததும் என் கையில் இருந்த டீ நடுங்கி சாசரில் கொட்டியது. அண்ணனின் மனைவி.

டீயைப் பார்த்து அவர் ஃபேனைக் குறைத்தார், குளிர்கிறது என்று நினைத்துவிட்டார் பாவம். இல்லை, பாவம் என்று சொல்லக் கூடாது. பலகையில் இருப்பவர் யார் மனைவி என்று அவருக்குத் தெரியாமலா இருக்கும். புகார் ஏதாவது வந்திருக்கிறதா என்று கேட்டேன். முகமெல்லாம் சிரிப்பாகச் சொன்னார்: “நான் வந்ததிலிருந்து ஒரு கம்ப்ளைன்ட்கூட இல்லீங்க மேடம். அந்த அளவுக்கு அந்த அம்மா நல்லா பார்த்துக்கறாங்க.”

வக்கீல் அடித்த வரிகள்

எங்கள் பத்திரிகையில் இப்படிப்பட்ட கட்டுரை அச்சுக்குப் போகும் முன் வக்கீல் படிக்க வேண்டும். அவர் சென்னையில், நான் மத்திகிரியில். போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு மூன்று மணி நேரம் உட்கார்ந்தோம். மலர் தன் கைப்பட எழுதிய வாக்குமூலம் என்னிடம் இருந்தது. சில வருடத்துக்கு முன் அதே வேலையை விட்டுவிட்டுத் தேன்கனிக்கோட்டைப் பக்கம் போய்விட்ட இன்னொரு பெண்ணும் எழுதிக் கொடுத்திருந்தாள். இரண்டிலும் ஒரே ஆபீஸ், ஒரே தாழ்ப்பாள். வக்கீலுக்குத் திருப்தி.

பிறகு அடையாளங்களை எடுக்க ஆரம்பித்தார். பெயரை மாற்றினோம். சொந்த ஊரை மாற்றினோம். வயதைக் கூட்டினோம். இடது கைப் பழக்கம் என்று எழுதியிருந்தேன், அடித்தார். தங்கையைப் படிக்க வைக்கிறாள் என்ற வரியையும் அடித்தார். அடிக்க அடிக்க எனக்கு நிம்மதியாக இருந்தது. மலரைப் போர்வை போட்டு மூடுகிறார் இந்த மனிதர் என்று நினைத்தேன். கடைசியில் யானை நின்ற நாளைப் பற்றிய பத்தி வந்தது. எனக்கு அந்தப் பத்தி பிடிக்கும். உண்மையைச் சொல்கிறேன், கட்டுரையிலேயே நன்றாக வந்திருந்த பத்தி அதுதான் என்று உள்ளூர ஒரு பெருமை. இதையும் எடுக்கலாமா என்று பேச்சுக்குக் கேட்டேன். அவர் சிரித்தார்: “யானை இருக்கட்டும்மா. அதை வச்சு யார் யாரைக் கண்டுபிடிக்க முடியும்?”

ரோஜாத் தோட்டம்

அச்சில் போடும் முன், குற்றம் சாட்டப்பட்டவரிடம் அவர் தரப்பைக் கேட்டே ஆக வேண்டும். தொழில் தர்மம். இந்தத் தர்மத்தைக் கண்டுபிடித்தவர் கான்ட்ராக்டர் யாரிடமும் போய் நின்றதில்லை என்று நினைக்கிறேன். பாகலூர்ப் பக்கம் அண்ணனுக்கு ரோஜாத் தோட்டம் இருக்கிறது, பிளாஸ்டிக் கூரை போட்டு வெளிநாட்டுக்கு அனுப்பும் ரோஜா. அங்கே வரச் சொன்னார். காலை பத்து மணி, நல்ல வெயில், சுற்றிலும் பூப்பறிக்கும் பெண்கள். எந்தப் பெண் என்று சொல்லாமல், பெண்கள் இப்படிப் புகார் சொல்கிறார்கள் என்று மட்டும் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தைரியம் வந்திருக்கும். “நம்மளைப் புடிக்காதவங்க ஆயிரம் சொல்லுவாங்கம்மா, எழுதிக்கங்க, அண்ணன் மறுத்தார்னு எழுதிக்கங்க” என்று சாவகாசமாகச் சொன்னார். ஒரு கட்டுச் சிவப்பு ரோஜாவைக் காகிதத்தில் சுற்றி என் கையில் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன்.

கார்வரை வழியனுப்ப வந்தார். கார் என்னுடையது அல்ல, அவருடையது. என் ஸ்கூட்டர் அதன் பின்னால் நின்றிருந்தது. ஹெல்மெட்டைப் போட்டேன், பெல்ட் மாட்டினேன். அவர் காத்திருந்து பார்த்துவிட்டு, சொந்தக்காரர் மாதிரி வாஞ்சையாகச் சொன்னார்: “பாப்பா எட்டாவது போவுதில்ல? காலைல ஆறு அம்பதுக்கு உங்க தெருமுனையில ஏறுது. கவலைப்படாதீங்க, ஓட்டுறது நம்ம பையன்தான், எங்க நிறுத்தச் சொல்றேனோ அங்கதான் நிறுத்துவான்.”

டேவிட் போட்ட கணக்கு

என் கணவர் டேவிட் ஒரு லேத் பட்டறையில் மெஷின் ஓட்டுகிறார். அதிகம் பேச மாட்டார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு மறுநாளிலிருந்து மகளைத் தானே பைக்கில் கொண்டுபோய் விட்டார். ஸ்கூலுக்கும் பட்டறைக்கும் திசை வேறு. தினமும் ஷிப்டுக்கு லேட், தினமும் சூப்பர்வைசரிடம் பேச்சு. ரோஜாவை நான் குப்பையில் போட்டிருந்தேன். அவர் அதை எடுத்துப் பக்கத்து வீட்டுக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்தார்.

அன்று சாப்பிடும்போது அவரிடம் கேட்டேன்: விட்டுவிடட்டுமா என்று. விட்டுவிடு என்று சொல்வார் என ஆசையோடுதான் கேட்டேன். அவர் சொல்லிவிட்டால் நான் பயந்தேன் என்று இருக்காது, கணவர் தடுத்தார் என்று இருக்கும். என்னோடு பதினாறு வருடம் குடித்தனம் நடத்தியவரிடமா இது நடக்கும். மோரை ஊற்றிக்கொண்டே சொன்னார்: “விட்டா நமக்குப் பயம் போயிடும். அந்தப் பொண்ணுக்குப் போவுமா? அதைச் சொல்லிட்டு விடு.”

முனிராஜ் கடையில் இரண்டு நிமிஷம்

வியாழக்கிழமை இதழ் வந்தது. அட்டையிலேயே போட்டிருந்தார்கள். ஆசிரியர் போன் பண்ணி யானைப் பத்தியைத் தனியாகப் பாராட்டினார். எனக்குக் காலையிலிருந்து ஒரு தெம்பு. யாரும் என்னை ஒன்றும் செய்யவில்லை, வெயில் வழக்கம்போல் அடிக்கிறது, உலகம் அப்படியேதான் இருக்கிறது என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டு ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே முனிராஜ் பேப்பர் கடைக்குப் போனேன். எனக்குப் பல வருடமாகத் தெரிந்தவர். கையில் எங்கள் இதழ்தான். மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு என் கட்டுரையின் கடைசிப் பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தார். படிப்பவர் முகத்தை ரசிக்கலாம் என்று நின்றேன்.

அவர் இதழை மடித்தார். யோசித்தார். கடைக்குள் அடுக்கியிருந்த பழைய பேப்பரில் ஏதோ தேட நினைத்தவர்போல் பார்த்தார், பிறகு வேண்டாம் என்று விட்டுவிட்டார். யாரையும் காட்டிக்கொடுக்கும் எண்ணம் அவருக்குக் கிடையாது. ஊர்க்காரர், ஊர் ரோடு தெரியும், அவ்வளவுதான். அக்கறையோடுதான் கேட்டார்: “யானை ரோட்ல ரெண்டு மணி நேரம் நின்னது போன வருஷத்துல ஒரே நாள்தானே மேடம், நீங்களே எழுதியிருந்தீங்க. அன்னிக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது உத்தனப்பள்ளி வேன் ஒண்ணுதான். அப்போ அந்தப் பதினோரு பொண்ணுங்கள்ல ஒண்ணா இது?”

காலியான பெஞ்ச்

அடையாளத்தை மாற்ற எத்தனை பாடுபட்டோம். சென்னை வக்கீலுக்குச் சானமாவு தெரியாது, அவர் மேல் தப்பில்லை. யானைச் செய்தியே எழுதிப் பிழைத்த எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். எங்கள் ஊரில் ஒருவரைக் கண்டுபிடிக்கப் பெயர் எதற்கு? எந்த ரூட் வேன், எத்தனை மணி என்று சொன்னால் போதும், கம்பெனி கேட்டில் பதிவேடு இருக்கிறது. இது என் பாவம், வேறு யாருடையதும் இல்லை. அடுத்த ஞாயிறு சர்ச்சில் கடைசி பெஞ்சில் நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். பதினோரு பேரில் ஒருத்தியும் வரவில்லை. முதல் பெஞ்சும் காலி. அன்று எல்லாப் பாட்டையும் பாடினேன். எதற்கு என்று கேட்காதீர்கள், வாயை மூடினால் அழுதுவிடுவேன் என்று இருந்தது.

செவ்வாய்க்கிழமை மதியம் மலர் கூப்பிட்டாள், கேன்டீன் போனிலிருந்து. பதினோரு பேரையும் ஆபீசில் தனித்தனியாக உட்கார வைத்துக் கேட்டிருக்கிறார்கள். எல்லோரும் இல்லை என்று சொல்லியிருக்கிறார்கள். பையை எல்லாம் கொட்டிப் பார்த்திருக்கிறார்கள். அந்த வீட்டிலேயே மூத்தவள் ஜெயந்தி, பாரூர்க்காரி, முப்பத்தைந்து வயது. அவள் பையில் எங்கள் பத்திரிகையின் பழைய இதழ் ஒன்று இருந்தது. சாம்பார் கசியாமல் இருக்க டிபன் பாக்ஸைச் சுற்றி வைத்திருந்தாள். அந்த எண்ணெய்க் காகிதம் போதுமானதாக இருந்தது அவர்களுக்கு. அன்றைக்கே அவளை வேலையை விட்டு எடுத்து, ஊருக்குப் பஸ் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். ஜெயந்தி அக்காவுக்கு ஒன்றுமே தெரியாது என்றாள் மலர். ஜெயந்தி இல்லை என்று நான் பகிரங்கமாகச் சொன்னால், மீதிப் பத்துப் பேரைத் திரும்ப உட்கார வைப்பார்கள். சொல்லாமல் இருந்தால், ஒன்றும் செய்யாதவள் தண்டனையைச் சுமக்க வேண்டும். இரண்டில் எது என்று எனக்குத் தெரியவில்லை. மலர் கேட்டாள்: “நான்தான்னு போய் நின்னுடட்டுமாக்கா? எனக்கு யோசிக்க முடியலை, நீங்க எது சொன்னாலும் செய்யறேன்.”

பாரூர்

ரெண்டு நாள் பொறுத்துக்கொள் என்று அவளிடம் சொல்லிவிட்டு, கிருஷ்ணகிரி போய் பஸ் மாறிப் பாரூர் போனேன். யாராவது பின்னால் வருகிறார்களா என்று வழியெல்லாம் திரும்பிப் பார்த்ததில் கழுத்து பிடித்துக்கொண்டது. ஏரி வாய்க்காலை ஒட்டிய கரும்புத் தோட்டத்தில் ஜெயந்தி சோகை உரித்துக்கொண்டிருந்தாள். நான் யார் என்று சொன்னதும் வேலையை நிறுத்தாமலே திட்ட ஆரம்பித்தாள். பத்து நிமிஷம் திட்டினாள். ஊரில் என்ன பேசுகிறார்கள் தெரியுமா, ஏதோ நடந்ததால்தான் துரத்திவிட்டார்கள் என்கிறார்கள். வீட்டுக்காரர் ஒரு வார்த்தை கேட்கவில்லை, கேட்டால்கூடத் தேவலை. பேப்பரில் எழுதத் தெரிகிறது, அதைப் படித்துவிட்டு அவன் என்ன செய்வான் என்று யோசிக்கத் தெரியாதா. அத்தனையும் நியாயம். தப்பு என்னுடையது, யானைப் பத்தியை ஆசைப்பட்டு வைத்தவள் நான்தான் என்று சொன்னேன். பேசிய பெண் யார் என்று மட்டும் நான் சொல்ல முடியாது என்றேன். அவள் சட்டென்று கையைக் காட்டித் தடுத்தாள். “அதை நீங்க எனக்குச் சொல்லவே கூடாது. தெரிஞ்சா என்னைக்காவது ஆத்திரத்துல வாயில வந்துடும்.”

வாய்க்காலில் கை கழுவிவிட்டு வரப்பில் வந்து உட்கார்ந்தாள். அந்த ஆபீஸ் தாழ்ப்பாள் சத்தம் தனக்கும் தெரியும் என்றாள். ஆறு வருடம் ஆகிறது. அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது லீவு போட்டதற்காகக் கூப்பிட்ட நாள். யாரிடமும் சொல்லவில்லை, இனியும் சொல்வதில்லை என்றுதான் இருந்தாளாம். அவள் சொல்லச் சொல்ல நான் எழுதவில்லை. நோட்டை எடுக்கக் கை வரவில்லை. அவளே நோட்டைக் கேட்டு வாங்கி, தன் பெயரைப் போட்டே எழுதச் சொன்னாள். இப்படிப்பட்ட விஷயத்தில் பாதிக்கப்பட்டவரின் பெயரைப் போடக் கூடாது, அவரே எழுத்தில் சம்மதம் கொடுத்தால்தான் போடலாம் என்பது சட்டம் என்று சொன்னேன். வேண்டாம் என்றும் சொன்னேன், கெஞ்சினேன் என்றே சொல்லலாம். எனக்கு இன்னொரு பெண்ணை அந்த ஆள் முன்னால் நிறுத்தும் தைரியம் இல்லை. ஏழாவதோடு படிப்பை விட்டவள், எழுத்துக் கூட்டிக் கூட்டித் தன் முழுப் பெயரையும் ஊரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். நாளைக்குக் கிருஷ்ணகிரி மகளிர் ஸ்டேஷனுக்குக் கூட வருகிறீர்களா என்று கேட்டாள்.

போனால், பேசியது நீதான் என்று அவர்கள் நினைத்தது உறுதியாகிவிடுமே, அது பொய்யாயிற்றே என்று அப்போதும் புரியாமல் கேட்டேன். நோட்டை என் மடியில் வைத்துவிட்டு, ரோட்டில் யாராவது வருகிறார்களா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டாள். பிறகு சொன்னாள்: “நான்தான் சொன்னேன்னே அவன் நினைச்சிட்டுக் கெடக்கட்டும்மா. என்னைய புடிச்சிட்டேன்னு இருக்கிற வரைக்கும் அந்தப் புள்ளையத் தேட மாட்டான்.”

மறுநாள் ஸ்டேஷனில் ஐந்து மணி நேரம் உட்கார்ந்தோம். ஜெயந்தி பெயரோடு அடுத்த இதழ் வந்தபின் வேறு மூன்று பெண்கள் புகார் கொடுத்தார்கள். அண்ணனைக் கைது செய்தார்கள். ஜாமீனில் வந்துவிட்டார், வழக்கு நடக்கிறது, பஸ் ஸ்டாண்டில் அவர் போஸ்டரை இன்னும் யாரும் கிழிக்கவில்லை. மலரை யாரும் தேடவில்லை. சத்தமில்லாமல் வேலையை விட்டு வேறு மாவட்டத்துக்குப் போனாள். போன மாதம் தானாகவே வந்து மாஜிஸ்திரேட் முன்னால் வாக்குமூலம் கொடுத்தாள். அதனால்தான் இதையெல்லாம் நான் இன்று சொல்ல முடிகிறது. ஜெயந்தியிடமும் கேட்டுவிட்டேன், எழுதுங்கள் என்றாள்.

பெயர், ஊர், வயது எல்லாம் மாற்றியும் என்னால் மறைக்க முடியாமல் போனவளைத் தன் சொந்தப் பெயரைக் கொடுத்து மறைத்தவள் ஜெயந்தி, ஆனால் துணிச்சலான செய்தியாளர் என்று மேடையேற்றிச் சால்வை போர்த்தியதோ இன்றைக்கும் கேட் சத்தம் கேட்டால் கரண்டியோடு ஜன்னலுக்கு ஓடும் எனக்கு.